எத்தனை அங்குலத் தகடு என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள தணிகாசலம்,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. பட்டறையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு பிரித்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையைப் பற்றி நாலு வரி, உன் உடம்பைப் பற்றி ஒரு வரி, மிச்சம் மூன்று பக்கமும் கொச்சியில் உங்கள் படகு யார்டுக்கு வந்திருக்கும் ஒரு சின்ன மோட்டார் படகைப் பற்றி. வீட்டுக்கு எடுத்துப்போய் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கல்யாணம் இவனுக்கா, அந்தப் படகுக்கா?" என்றாள். சிரித்தாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இந்த வயதிலும் நீ அப்பனிடம் ஒன்று கேட்கிறாயே என்று.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பதினைந்து அடிப் படகு, விடுமுறை நாளில் குடும்பத்தோடு காயலில் சுற்றிவர ஒருவர் வாங்கியது. வேகம் கொடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது, ஓட்டுகிறவருக்கு எதிரே இருப்பது தெரியவில்லை. பின்பக்க அடிவிளிம்பில் இரண்டு புறமும் தகடு வைத்தால் மூக்கு இறங்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரிம் டேப் என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். நாங்கள் வெறுமனே தகடு என்றுதான் சொன்னோம். பட்டியலில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து, அசையாமல் இறுக்கிக் கொடுத்துவிடச் சொல்கிறார் அவர். கேட்டதைக் கொடுத்து அனுப்பு என்கிறார் உன் மேலாளர். "எத்தனை அங்குலம் போடலாம்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். அங்குலத்தை மட்டும் எழுதி ஒரு கார்டு போட்டுவிடலாம். ஆனால் அது எனக்குத் தெரியவந்த விதத்தை உனக்கு நான் சொன்னதே இல்லை. அடுத்த மாதம் உன் வார்த்தையை நம்பி ஒரு பெண் உன் வீட்டுக்கு வரப்போகிறாள். அதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றுகிறது.

அப்போது நீ செங்கல்பட்டில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விழுப்புரத்தில் ஆயில் என்ஜின் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இந்தப் பட்டறையைப் போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்த பம்புசெட்டைக் கொண்டுவந்தாலும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். ஊரில் அப்படி ஒரு பேர். அந்தப் பேரை நானும் கேட்டுக் கேட்டு நம்ப ஆரம்பித்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன சமயம் அது. அப்படிப் போன ஒருவரிடமிருந்து விழுப்புரத்துப் பல் டாக்டர் ஒரு மோட்டார் படகை வாங்கினார். பதினாலு அடி, பிளைவுட் படகு, பின்னால் தொங்கும் என்ஜின். லாரியில் ஏற்றி மரக்காணம் கழிமுகத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரும், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அவர் சம்சாரமும் வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டுவதற்குக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். பெருநாள்தோறும் நம் வீட்டுக்கு பிரியாணி அனுப்புகிற காதர் பாய்தான் அவர். சைகோன் துறைமுகத்தில் பல வருஷம் மோட்டார் லாஞ்ச் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

உன் படகுக்கு இருக்கிற அதே வியாதிதான் அந்தப் படகுக்கும். வேகம் கூடினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஒருநாள் டாக்டர் காதர் பாயையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "பெரிசா ரெண்டு தகடு அடிச்சுப் போட்டுடுங்க மேஸ்திரி. ஒரே தடவையில வேலை முடிஞ்சிடணும்" என்றார். காதர் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர் மெல்லச் சொன்னார்: "மேஸ்திரி, மொதல்ல சின்னதா வெச்சுப் பாருங்க. கீலு போட்டு ஏத்தி எறக்கிக்கிற மாதிரி இருந்தா நல்லது. பெரிசா வெச்சு இறுக்கிட்டா, காத்து பின்னாலேந்து அடிக்கிறப்போ அணியம் தண்ணியில குத்திக்கும். அப்பால ஸ்டியரிங் நம்ம பேச்சைக் கேக்காது." அணியம் என்றால் படகின் முன்பக்கம். அந்தச் சொல்லையே அன்றுதான் நான் கேட்டேன். தெரியாத சொல் ஒன்றை என் பட்டறையில் நின்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "பாய், நீங்க படகு ஓட்டிக்கினு இருங்க. பட்டறை வேலையை நான் பாத்துக்கிறேன்" என்றேன். டாக்டர் சிரித்தார். காதர் பாய் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இருபது அங்குல அகலம், ஒரு அடி நீளம், பக்கத்துக்கு ஒன்று. கனமான அலுமினியத் தகடு. முனையைக் கீழ்ப்பக்கமாக நன்றாக வளைத்து, அசையாதபடி பித்தளைத் திருகாணி போட்டு இறுக்கினேன். அந்தத் தகடு என்ன செய்யும் என்று உனக்கே தெரியும். படகு ஓடும்போது தண்ணீர் தகட்டில் மோதிப் பின்பக்கத்தைத் தூக்குகிறது. பின்பக்கம் தூக்கினால் மூக்கு இறங்குகிறது. இறங்கியது. காலை நேரம், காற்றே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. டாக்டர் கரைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து உப்பளத்து ஆட்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் காதர் பாயைத்தான் பார்த்தேன். அவர் தகட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று மத்தியானத்துக்கு மேல்தான் படகை எடுத்தார்கள். கடற்காற்று ஏறிவிட்டிருந்தது. டாக்டர், அவர் சம்சாரம், காதர் பாய், மூன்று பேரும் முகத்துவாரம் வரை போனார்கள். போகும்போது காற்று எதிரே இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போது காற்றும் அலையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தன. கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கியது. மூக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் போய்க் குத்திக்கொண்டது. அடுத்த நொடி, யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல் படகு அப்படியே பக்கவாட்டில் திரும்பிச் சாய்ந்தது. டீச்சரம்மா விளிம்பில் மோதித் தண்ணீருக்குள் விழுந்தார். அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். புடவை காலைச் சுற்றிக்கொண்டது. காதர் பாய் என்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்து அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கரைக்குக் கொண்டுவந்தபோது டீச்சரம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கித் தொங்கியது.

டாக்டர் படகிலிருந்து இறங்கி வந்தார். காதர் பாயைப் பார்த்து, "ஏன்யா வீலை அப்படி ஒடிச்ச?" என்று கத்தினார். "நான் ஒடிக்கலைங்க. அதுவா திரும்பிக்கிச்சு" என்றார் அவர். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, தகட்டுல ஏதாச்சும் கோளாறு இருக்குமா?" அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். மூக்கு குத்தியதைப் பார்த்த மாத்திரத்திலேயே காதர் பாய் பட்டறையில் சொன்னது அத்தனையும் காதில் விழுந்துவிட்டது. ஆனால் உப்பளத்து ஆட்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் என்னிடம்தான் என்ஜினைப் பழுது பார்க்கக் கொடுக்கிறவர்கள். நான் சொன்னேன்: "தகடு இன்னாங்க பண்ணும்? போன வாரம் நல்லாத்தானே ஓடிச்சு?"

தணிகாசலம், இதைக் கவனி. நான் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. போன வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் என் ஆயுசில் சொன்ன பெரிய பொய் அதுதான். காதர் பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு ரோட்டைப் பார்க்க நடந்துவிட்டார். "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னார்.

பத்து நாள் அப்படியே போனது. படகைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் அதன் பக்கமே போகவில்லை. கோலியனூரிலிருந்து ஒருவர் வந்து, "மேஸ்திரி, தண்ணி இல்லாம மல்லாட்டைப் பயிரு காய்ஞ்சிக்கினு கெடக்குது, என்ஜினை ஜல்தி முடிச்சுக் குடுங்க" என்று மூன்று நாளாக நச்சரித்தார். வால்வை மாற்றிப் பூட்டி, மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினேன். ஒருநாள் உன் அம்மா, "இன்னா ஆச்சு உங்களுக்கு? தட்டுல போட்டது போட்டபடி கெடக்குது" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "அந்த பாய் இப்போ இன்னா வேலை பண்றாரு?" என்றாள். தெரியாது என்றேன். "தெரிஞ்சிக்கினு வாங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன். டாக்டர் வீட்டுக் கூடத்தில் டீச்சரம்மா கையில் மாவுக்கட்டோடு பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். டாக்டர் வந்ததும் உட்காராமலே சொன்னேன்: "தப்பு என்னோடதுங்க. தகடு பெரிசு. பாய் அன்னைக்கே வேணாம்னு சொன்னாரு. நான்தான் கேக்கலை. கரையில நீங்க கேட்டப்பவும் எனக்குத் தெரியும்." டாக்டர் என்னை வெறித்துப் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் டீச்சரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரிடமே சொன்னார். "நான் அன்னைக்கே சொன்னேன். பாய் வீலை நேராத்தான் பிடிச்சுக்கினு இருந்தாரு, நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தேன்னு. வலியில ஏதோ உளர்றேன்னுட்டீங்க. வேகமா போகச் சொன்னதும் நீங்கதான்." டாக்டர் என்னை நன்றாகத் திட்டினார். எல்லாம் நியாயமான திட்டு. திட்டி முடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க, கோட்டக்குப்பம் போவோம்" என்று காரை எடுத்தார்.

காதர் பாய் ஒரு விறகுத் தொட்டியில் விறகு பிளந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டிய கை. டாக்டர் பெண்டாட்டி கையை ஒடித்தவன் என்று பேச்சு பரவிவிட்டதால் அந்தக் கரை நெடுக ஒருவரும் அவரிடம் படகைக் கொடுக்கவில்லை. டாக்டர் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். நானும் என்னவோ தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கோடாலியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம் மேஸ்திரி? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்க மரக்காணத்துல இருக்காங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அதே கரையில், உப்பளத்து வேலை முடிந்து ஆட்கள் கை கால் கழுவ வரும் நேரத்தில் நின்று சொன்னேன். ஒருவர், "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேஸ்திரி, காத்துல கேக்கலை" என்றார். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். ஒரு அம்மாள் உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காதர் பாயிடம் போய், "உன்னை எம்மாம் பேச்சுப் பேசிட்டேன் பாய், மனசுல வெச்சுக்காத" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "அப்போ நம்ம பம்புசெட்டும் இந்த லட்சணத்துலதான் ஓடுதா?" என்று கேட்டான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மூன்று பேர் என்ஜினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். மற்றவர்கள் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பத்து நாள் நான் பயந்து பயந்து செத்தது இதற்குத்தான்.

பிறகு நானும் காதர் பாயும் உட்கார்ந்து அந்தப் படகை முதலிலிருந்து பார்த்தோம். உன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முதலில் இரண்டு தகட்டையும் கழற்றி எறிந்தோம். கழற்றும்போதுதான் பார்த்தேன், அந்தச் சில நாளிலேயே பித்தளைத் திருகாணியைச் சுற்றி அலுமினியத்தை உப்புத்தண்ணீர் அரித்து வெள்ளைப் பொடி கிளப்பியிருந்தது. கடல் தண்ணீரில் இரண்டு ஜாதி உலோகத்தைச் சேர்த்துப் பூட்டாதே. தகடு, கீல், திருகாணி எல்லாம் ஒரே உலோகமாக இருக்கட்டும். அடுத்து, பின்னால் கிடந்த பெட்ரோல் டின்னையும் பேட்டரியையும் நங்கூரத்தையும் முன்பக்கம் நகர்த்தினோம். என்ஜினைச் சாய்த்து வைக்கும் ஊசியை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டோம். ஓட்டிப் பார்த்தால் பாதி வியாதி போய்விட்டது. செலவில்லாத வைத்தியம். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. உன் வாடிக்கையாளர் படகிலும் தகட்டைத் தொடுவதற்கு முன்னால் எது எங்கே கனமாக இருக்கிறது என்று பார்.

மிச்சப் பாதிக்குத்தான் தகடு. பத்து அங்குல அகலம், பின்னால் நீளுவது ஆறு அங்குலம், அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. பின்னால் நீட்டுவதைவிட அகலம் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி, என்ஜின் விசிறி தள்ளும் தண்ணீரில் படாமல் வைத்தோம். தகடு, கீல் எல்லாம் பித்தளையிலேயே போட்டு, திருகுக் கம்பி ஒன்று வைத்து, இடதும் வலதும் தனித்தனியாக ஏற்றி இறக்கும்படி செய்தோம். ஒரு பக்கம் கனமான ஆள் உட்கார்ந்து படகு சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தகட்டை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். காற்று பின்னாலிருந்து வந்தால் இரண்டையும் மேலே ஏற்றிவிட வேண்டும், மூக்கு தன் இஷ்டத்துக்குத் தூக்கிக்கொள்ளட்டும். உன் பதினைந்து அடிப் படகுக்கும் ஏறத்தாழ இதே அளவில் ஆரம்பி. போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம். அந்தச் சொந்தக்காரர் பெரிதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மாட்டேன் என்று சொல். மேலாளர் கோபித்தால் கோபிக்கட்டும். காற்றுள்ள நாளில் அந்தப் படகில் உட்காரப் போவது அவர் பெண்டாட்டி பிள்ளைகள்.

வரப்போகிற பெண்ணிடமும் அப்படியே இரு. தப்பே செய்யாத புருஷனை யாரும் பார்த்ததில்லை. உன் அம்மாவும் பார்க்கவில்லை. அவள் உன்னை ஒன்று கேட்கும்போது, கேட்டதற்குப் பதில் சொல். கேட்டதைச் சுற்றி உண்மையான சொற்களாகப் பொறுக்கி அடுக்காதே. அவள் சொல்வதை, வலியில் சொன்னாலும், காது கொடுத்துக் கேள்.

புதுத் தகட்டை ஓட்டிப் பார்த்த அன்று டீச்சரம்மாவும் வந்தார். கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கை மெலிந்து வெளுத்திருந்தது. டாக்டர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு என்னைப் பார்த்து, "மேஸ்திரி, நீங்க ஏறலியா?" என்றார். "நான் கரையிலேந்தே பாக்கிறேம்மா" என்றேன். "கரையிலேந்து பாத்தது போதும். ஏறுங்க" என்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதுவரை அந்தப் படகில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறி, முன்னால் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். முகத்துவாரம் வரை போனோம். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து வந்தது. காதர் பாய் திருகுக் கம்பியைச் சுற்றும் சத்தம் கேட்டது. அலை வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படகு ஒரு தடவை கீழே போய் மேலே வந்தது. அடுத்த அலையும் வந்து கடந்து போயிற்று. "மேஸ்திரி, கண்ணைத் தொறங்க!" என்று பாய் பின்னாலிருந்து கத்தினார். திறந்தேன். எதிரே கரை நேராகத் தெரிந்தது. கரையில் நிற்கிறவர்களின் முகம்கூடத் தெரிந்தது.

உன் தகட்டோடு அந்தப் படகு முதல் தடவை போகும்போது, நீ முன்னால் உட்கார்.

அப்பா